லீக் சுற்றுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில்

2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.30. வீட்டு டிவியில் டனிடினில் நடக்கும் நியூசிலாந்து – சுவிட்சர்லாந்து ஆட்டம். கையில் இருந்த போனில் ஆக்லாந்தில் நடக்கும் நார்வே – பிலிப்பைன்ஸ் ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன. டிவியில் 0-0. அன்று தோற்கவில்லை, ஆனால் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து போட்டியை நடத்திய நியூசிலாந்து மகளிர் கால்பந்து உலகக் கோப்பையிலிருந்து வெளியே போய்விட்டது.

சாப்பாட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அத்தை, முதல் மேட்ச்ல நார்வேயை நியூசிலாந்துதானே ஜெயிச்சுது? இப்ப ரெண்டு பேருக்கும் நாலு நாலு பாயின்ட். அப்புறம் எப்படி நார்வே உள்ள, இவங்க வெளிய?”

அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. கிரிக்கெட் தெரியும், கால்பந்து இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், அடுத்த மகளிர் உலகக் கோப்பையை ஒழுங்காகத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக அந்தப் பதிலையே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். அடுத்தது பிரேசிலில், 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை. உதாரணங்களைப் பெரும்பாலும் 2023-லிருந்தே எடுக்கிறேன். கணக்கு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல லீக் சுற்றை நான் பார்த்ததில்லை.

1. முதலில் நோட்டில் கட்டம் போடுங்கள்

பத்திரிகையில் லீக் சுற்று என்று வரும், கமென்ட்ரியில் குரூப் ஸ்டேஜ் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 32 அணிகள், நான்கு நான்காக எட்டுக் குழுக்கள். ஒரு குழுவில் ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடு ஒரு முறை மோதும். குழுவுக்கு 6 ஆட்டம், மொத்தம் 48. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், மற்ற இருவரும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. 90 நிமிடமும் நடுவர் கூட்டித் தரும் நிமிடங்களும் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. இந்தச் சுற்றில் கூடுதல் நேரமும் கிடையாது, பெனால்டி ஷூட் அவுட்டும் கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் 1-1 என்று முடிந்ததும் ஷூட் அவுட் வரும் என்று டிவி முன்னாலேயே காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வராது, எழுந்து போய் வேலையைப் பார்க்கலாம்.

நோட்டில் குழுவுக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வோர் அணிக்கும் நேராக ஐந்து இடம் விடுங்கள்: ஆடியது, அடித்த கோல், வாங்கிய கோல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், புள்ளி. வெற்றி, டிரா, தோல்வி என்று தனித்தனியாக எழுதத் தேவையில்லை, பெரும்பாலும் புள்ளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேனா வேண்டாம், பென்சில். அழிக்க வேண்டியிருக்கும்.

போனில் எல்லாம்தான் வருகிறதே, எதற்கு இந்தப் பள்ளிக்கூட வேலை என்று கேட்பீர்கள். போன் இப்போது என்ன நிலவரம் என்று காட்டும். இந்த கோல் விழுந்தால் யார் மேலே, யார் கீழே என்பதைக் காட்டாது. லீக் சுற்றின் ருசியே அந்த ‘விழுந்தால்’ என்பதில்தான் இருக்கிறது. கையால் கூட்டிக் கழித்தவருக்கு அது தானாக வரும்.

2. நேரத்தை நம்ம ஊர்க் கணக்குக்கு மாற்றுங்கள்

2023-ல் ஆட்டங்கள் நமக்குக் காலையிலும் மதியத்திலும் வந்தன. நியூசிலாந்தில் நண்பகல் 12 மணி என்றால் இங்கே காலை 5.30. பிரேசில் அப்படி இல்லை. ரியோ, சாவ் பாவ்லோ நேரத்தைவிட நாம் எட்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே மாலை 4 மணி ஆட்டம் இங்கே நள்ளிரவு 12.30. கவனிக்க வேண்டியது தேதி. அங்கே 27-ந் தேதி என்றால் நமக்கு 28 பிறந்திருக்கும். 2015-ல் கனடாவில் நடந்தபோது நான் இதைத்தான் கோட்டை விட்டேன். தேதியை அப்படியே காலண்டரில் குறித்து வைத்து, அலாரம் வைத்து எழுந்து, மறுநாள்தான் தொடங்கவிருந்த ஆட்டத்துக்காக டிவி முன் உட்கார்ந்திருந்தேன்.

48 ஆட்டத்தையும் பார்க்க யாராலும் முடியாது. இரண்டு குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்குப் பிடித்த அணி இருக்கும் குழு. இன்னொன்று, பெரிய பெயர் எதுவும் இல்லாத, நாலு பேரும் ஏறத்தாழ சமமாக இருக்கும் குழு. பிரேசில், அமெரிக்கா ஆடும் ஆட்டங்களை ஊரே பார்த்துச் சொல்லும். 2023-ல் என் நோட்டில் ஏ குழுவும் எச் குழுவும் இருந்தன. ஏ குழுவை எடுத்தது நியூசிலாந்து இருந்ததால். எச் குழுவை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, ஆட்ட நேரம் தோதாக இருந்தது. இரண்டும் சக்கைபோடு போட்டன.

3. முதல் ஆட்டத்தை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள்

2023 ஜூலை 24, மெல்போர்ன். உலகத் தரவரிசையில் 2-ம் இடத்தில் இருந்த ஜெர்மனி, 72-ம் இடத்தில் இருந்த மொராக்கோவை 6-0 என்று அடித்துத் துவைத்தது. மொராக்கோவுக்கு அது முதல் மகளிர் உலகக் கோப்பை, முதல் ஆட்டம். அன்று இரவே மொராக்கோ பெயர் மேல் கோடு போட்டவர்கள் நிறையப் பேர். அதில் நானும் ஒருத்தி. பத்து நாள் கழித்து மொராக்கோ அடுத்த சுற்றுக்குப் போனது, ஜெர்மனி ஊருக்குப் போனது.

ஆகவே முதல் ஆட்டத்தில் கோல் எண்ணிக்கையை ஒழுங்காகக் குறித்துக்கொள்ளுங்கள், அத்தோடு விடுங்கள். பெரிய வெற்றி என்பது உண்டியலில் போட்ட காசு மாதிரி. பின்னால் உதவலாம், திறக்க வேண்டிய தேவையே வராமலும் போகலாம்.

இன்னொன்று. கோல் விழுந்ததும் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். வீடியோ நடுவர் குழு பார்த்துச் சொல்லும்வரை பொறுங்கள். 2023-லிருந்து நடுவரே மைக்கில் மைதானத்துக்கு முடிவை அறிவிக்கும் வழக்கம் மகளிர் உலகக் கோப்பைக்கு வந்தது. தொடக்க ஆட்டத்தில் நியூசிலாந்துக்குப் பெனால்டி என்று ஜப்பான் நடுவர் யோஷிமி யமஷிதா அறிவித்தது ஈடன் பார்க் முழுக்கக் கேட்டது. அந்தப் பெனால்டியை ரியா பெர்சிவல் கிராஸ்பாரில் அடித்தார். இருந்தாலும் ஹன்னா வில்கின்சன் முன்பே போட்டிருந்த ஒற்றை கோலால் நியூசிலாந்து 1-0 என்று நார்வேயை வென்றது. உலகக் கோப்பையில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. அண்ணன் மகள் சொன்ன ஆட்டம் இதுதான்.

4. இரண்டாம் ஆட்டத்தில் கவனம் தேவை

புதியவர்கள் முதல் ஆட்டத்தை ஆர்வமாகப் பார்ப்பார்கள், கடைசி ஆட்டத்தைப் பதற்றமாகப் பார்ப்பார்கள். நடுவில் வருவதைத் தவறவிடுவார்கள். என்னைக் கேட்டால் பாதிக் குழுக்களின் தலையெழுத்து இரண்டாம் ஆட்டத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 25, வெலிங்டன். நியூசிலாந்தும் பிலிப்பைன்ஸும். பிலிப்பைன்ஸுக்கும் அது முதல் உலகக் கோப்பை. 24-வது நிமிடத்தில் சரினா போல்டன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் கோல். நியூசிலாந்து முட்டி மோதிப் பார்த்தது. இரண்டாம் பாதியில் ஜாக்கி ஹேண்டின் தலையடி வலைக்குள் போக, மைதானமே எழுந்து ஆடியது. வீடியோவில் பார்த்தார்கள். அதற்கு முந்தைய நகர்வில் வில்கின்சன் ஒரு துளி ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டப்பட்ட நொடியில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றிருந்தார். கோல் செல்லாது. 1-0 என்று பிலிப்பைன்ஸ் வென்றது.

அந்த ஒரு துளியை நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அந்த கோல் நின்று ஆட்டம் 1-1 ஆகியிருந்தால், பின்னால் வந்த முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், நியூசிலாந்துக்கு 5 புள்ளி. நேராக அடுத்த சுற்று. டனிடினில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோகமே இருந்திருக்காது.

5. மூன்றாம் ஆட்டத்துக்கு முந்தைய நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும்.

இரண்டு ஆட்டங்கள் முடிந்தபின் ஏ குழு இப்படி இருந்தது:

சுவிட்சர்லாந்து: அடித்தது 2, வாங்கியது 0, வித்தியாசம் +2, புள்ளி 4
நியூசிலாந்து: அடித்தது 1, வாங்கியது 1, வித்தியாசம் 0, புள்ளி 3
பிலிப்பைன்ஸ்: அடித்தது 1, வாங்கியது 2, வித்தியாசம் -1, புள்ளி 3
நார்வே: அடித்தது 0, வாங்கியது 1, வித்தியாசம் -1, புள்ளி 1

நாலு பேருக்கும் வாய்ப்பு இருக்கிறது. 1995-ல் கோப்பையை வென்ற நார்வே கடைசி இடத்தில், இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லாமல். இப்போது ஓர் அணியை எடுத்து, வென்றால், டிரா செய்தால், தோற்றால் என்று மூன்று வரி எழுதுங்கள். நியூசிலாந்தை எடுப்போம்.

வென்றால் 6 புள்ளி. ஆக்லாந்து ஆட்டத்தில் என்ன நடந்தாலும் கவலையில்லை, உள்ளே.

தோற்றால் 3 புள்ளியிலேயே நிற்கும். ஆக்லாந்தில் பிலிப்பைன்ஸ் வென்றாலும், நார்வே வென்றாலும், டிரா ஆனாலும் இவர்களைத் தாண்டி இருவர் போய்விடுவார்கள். வெளியே.

டிரா செய்தால்? இங்கேதான் பென்சிலுக்கு வேலை. நியூசிலாந்து 4 புள்ளி, வித்தியாசம் அப்படியே 0. பிலிப்பைன்ஸ் வென்றால் அவர்களுக்கு 6, நியூசிலாந்து வெளியே. அந்த ஆட்டமும் டிரா என்றால் பிலிப்பைன்ஸுக்கும் 4 புள்ளி, ஆனால் வித்தியாசம் -1. நியூசிலாந்து உள்ளே. நார்வே வென்றால் அவர்களுக்கும் 4. எத்தனை கோல் வித்தியாசத்தில் வெல்கிறார்கள் என்பதுதான் அப்புறம் கேள்வி. இரண்டு கோல் வித்தியாசம் என்றால் நார்வே +1, நியூசிலாந்து 0. கதை முடிந்தது.

ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் என்ன ஆகும் என்பதைப் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும். டனிடினில் 0-0, ஆக்லாந்தில் நார்வே 1-0 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 4 புள்ளி. வித்தியாசம் இருவருக்கும் 0. அடித்த கோல் இருவருக்கும் 1. எல்லாம் சமம். அதற்குப் பிறகுதான் இருவரும் மோதிய ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அதில் வென்றது நியூசிலாந்து, ஆகவே நியூசிலாந்து உள்ளே. அதே நார்வே 2-1 என்று வென்றிருந்தால்? வித்தியாசம் சமம், ஆனால் அடித்த கோல் நார்வேக்கு 2. நார்வே உள்ளே. அதாவது தனக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் போடும் ஒரு கோலைச் சரிக்கட்டி இன்னொன்று போடுவது, 1-0 என்று காத்து நிற்பதைவிட நார்வேக்கு லாபம்.

அண்ணன் மகள் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த உலகக் கோப்பையின் விதிப்படி ‘யார் யாரை ஜெயித்தார்கள்’ என்பது நாலாவதாக வரும் கேள்வி. நார்வே அதுவரை போக விடவே இல்லை. ஆறாவது நிமிடத்தில் சோஃபி ரோமன் ஹாவ் முதல் கோல், பதினேழாவது நிமிடத்தில் அவரே இரண்டாவது. அந்த நொடியே டனிடினில் டிரா என்பது தோல்விக்குச் சமமாகிவிட்டது. இடைவேளைக்குள் 3-0, முடிவில் 6-0. சுவிட்சர்லாந்து மூன்று ஆட்டத்தில் இரண்டே கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல், 5 புள்ளியோடு குழுவில் முதலிடம்.

6. அன்றைக்கு இரண்டு திரை வேண்டும்

கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. 1982 ஆண்கள் உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முதல் நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இரண்டு பேரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. அதன்பிறகு இரு அணியும் பந்தை அங்கேயும் இங்கேயும் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கின. அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்க ஆரம்பித்தார்கள்.

டிவி ஒன்று, போன் ஒன்று போதும். போனில் ஓடுவது டிவியைவிட அரை நிமிடம், ஒரு நிமிடம்கூடப் பின்தங்கி வரும். எது முக்கியமான ஆட்டமோ அதை டிவியில் வையுங்கள். ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பு மணியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்கு முன் பந்து நடுக்கோட்டில் இருக்கும்போதே ‘கோல்’ என்று போன் கத்தும்.

ஆகஸ்ட் 3 அன்று எச் குழு. பெர்த்தில் மொராக்கோவும் கொலம்பியாவும், பிரிஸ்பேனில் ஜெர்மனியும் தென் கொரியாவும். நமக்கு மாலை 3.30. மொராக்கோ அதற்கு முன் தென் கொரியாவை 1-0 என்று வென்று 3 புள்ளி வைத்திருந்தது, ஆனால் அந்த ஆறு கோல் அடியால் வித்தியாசம் -5. ஜெர்மனியும் 3 புள்ளி, வித்தியாசம் +5. காரணம், கொலம்பியாவிடம் 97-வது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றிருந்தார்கள். மொராக்கோவுக்கு இருந்த நல்ல வழி இதுதான்: தான் வெல்ல வேண்டும், ஜெர்மனி வெல்லக் கூடாது. கொலம்பியா தோற்றாலும் அவர்களுக்கு ஆபத்து குறைவு, அதுவரை எல்லா ஆட்டத்தையும் வென்றிருந்தார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன் மொராக்கோவின் பெனால்டியைக் கொலம்பியா கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அனிசா லஹ்மாரி உள்ளே தள்ளினார். 1-0. அதோடு ஆட்டம் முடிந்தது. பிரிஸ்பேனில் இன்னும் முடியவில்லை. 1-1, நடுவர் நிமிடங்களைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பெர்த் மைதானத்தின் நடுவில் மொராக்கோ வீராங்கனைகள் ஒரு போனைச் சுற்றி வட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் நாம் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பிரிஸ்பேனில் விசில் ஊதியதும் வட்டம் உடைந்து ஓட்டமும் அழுகையும். கொலம்பியா 6 புள்ளி, மொராக்கோ 6, ஜெர்மனி 4. மொராக்கோவின் வித்தியாசம் -4, ஜெர்மனியுடையது +5. புள்ளி சமமாக இருந்தால்தான் வித்தியாசத்துக்கு மரியாதை. இல்லாவிட்டால் உண்டியல் உடைபடாமல் அப்படியே இருக்கும். உலகக் கோப்பையில் ஜெர்மனி லீக் சுற்றோடு வெளியேறியது அதுதான் முதல் முறை.

7. புள்ளி சமமானால் பார்க்கும் வரிசையை முன்பே எழுதி வையுங்கள்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. 2024 மே 18 அன்று பெங்களூரில் சென்னைக்கு 219 இலக்கு. ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் பிளே ஆஃப். 191-ல் நின்றது. நெட் ரன் ரேட்டுக்குத் தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டு நொந்த நமக்குக் கோல் வித்தியாசம் எல்லாம் ஒன்றுமே இல்லை. வெறும் கழித்தல்.

2023 வரிசை இது: புள்ளி, மொத்தக் கோல் வித்தியாசம், மொத்தம் அடித்த கோல், பிறகு சமமாக நிற்பவர்கள் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவு, அதன்பின் வாங்கிய மஞ்சள், சிவப்பு அட்டைகள், கடைசியாகச் சீட்டுக் குலுக்கல்.

ஆனால் இந்த வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். ஐரோப்பியக் கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் நேரடி மோதல்தான் முதலில். அந்த விதி இருந்திருந்தால் டனிடினில் நியூசிலாந்து உள்ளே போயிருக்கும், நார்வே ஆறு கோல் போட்டும் வெளியே. ஃபிஃபாவும் 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கு நேரடி மோதலை முன்னால் கொண்டுவந்துவிட்டது. எனவே பிரேசிலுக்கு முன் விதியைப் படித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். போன தடவை இப்படித்தானே என்று நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

அட்டையில் போய் முடிந்ததும் உண்டு. 2018 ஆண்கள் உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம், மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் உள்ளே போனது. சீட்டுக் குலுக்கலும் நடந்திருக்கிறது. 2013 மகளிர் ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கா ரஷ்யாவா என்பதைச் சீட்டுதான் தீர்மானித்தது. சீட்டில் வந்த டென்மார்க், பிரான்ஸைத் தோற்கடித்து அரையிறுதி வரை போனது. குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

8. மூன்றாம் இடத்துக்கும் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

24 அணிகள், ஆறு குழுக்கள் என்றால் கணக்கு மாறும். ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவரோடு, மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த நால்வரும் போவார்கள். 2015, 2019 உலகக் கோப்பைகள் அப்படி. 12 அணிகள் ஆடும் ஆசியக் கோப்பையில் சிறந்த இரண்டு மூன்றாமிடம். இதில் உங்கள் அணியின் தலைவிதி வேறு ஊரில், வேறு குழுவில், சம்பந்தமே இல்லாத ஓர் ஆட்டத்தில் தீர்மானமாகும்.

2019 பிரான்ஸ் உலகக் கோப்பையில் நைஜீரியா தன் மூன்று ஆட்டத்தையும் முடித்துவிட்டு, 3 புள்ளி, வித்தியாசம் -2 என்று மூன்று நாள் விடுதியில் காத்திருந்தது. ஜூன் 20 அன்று ரென் நகரில் சிலியும் தாய்லாந்தும் மோதின. சிலி மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் நைஜீரியா வெளியே, சிலி உள்ளே. 80-வது நிமிடத்தில் சிலி 2-0. 86-வது நிமிடத்தில் சிலிக்குப் பெனால்டி! பிரான்சிஸ்கா லாரா ஓடி வந்து அடித்தார். பந்து கிராஸ்பாரில் பட்டு மேலே போனது. 2-0 என்றே முடிந்தது. சிலி அந்த ஆட்டத்தில் வென்றது, நைஜீரியா அடுத்த சுற்றுக்குப் போனது.

9. முதலிடமா இரண்டாமிடமா என்பதையும் விடாதீர்கள்

உள்ளே போனால் சரி என்று நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சுற்றில் யாரோடு மோதுவது என்பது இடத்தைப் பொறுத்தது. 2023-ல் ஏ குழுவின் முதலிடம் சி குழுவின் இரண்டாமிடத்தோடு மோதியது, அதேபோல ஈ-யும் ஜி-யும், பியும் டியும், எஃப்பும் எச்சும். இந்த ஜோடிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

அமெரிக்காவின் கதை நினைவிருக்கட்டும். ஆகஸ்ட் 1 அன்று போர்ச்சுகலோடு 0-0. கூட்டித் தந்த நிமிடத்தில் போர்ச்சுகலின் அனா கபேட்டா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாலு விரற்கடை உள்ளே இருந்திருந்தால் நடப்பு சாம்பியன் அன்றே வெளியே. தப்பித்தார்கள், ஆனால் இரண்டாமிடம். அதனால் ஜி குழுவில் மூன்றையும் வென்ற ஸ்வீடன் குறுக்கே வந்தது, ஷூட் அவுட்டில் தோற்றார்கள்.

ஸ்பெயின் கதை நேர்மாறு. சி குழுவில் ஜப்பானிடம் 4-0 என்று செம அடி வாங்கி இரண்டாமிடம் போனது. அதனால் அடுத்து வந்தது, மூன்று ஆட்டத்தில் இரண்டே கோல் போட்டிருந்த சுவிட்சர்லாந்து. 5-1 என்று ஊதித் தள்ளியது. ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் கோப்பையைத் தூக்கியதும் அதே ஸ்பெயின்தான். 11 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல் குழுவில் முதலிடம் பிடித்த ஜப்பான் காலிறுதியோடு திரும்பியது.

ரப்பர் கையில் இருக்கட்டும்

சில சமயம் ஆட்டத்தில் நடக்காத காரணத்துக்காகவும் கட்டத்தை அழித்து எழுத வேண்டி வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எதிரணியின் பயிற்சியை டிரோன் வைத்துப் பார்த்ததற்காகக் கனடாவின் 6 புள்ளியை ஃபிஃபா பறித்தது. கனடா மூன்று ஆட்டத்தையும் வென்றது. 9-ல் 6 போக 3. கொலம்பியாவுக்கும் 3 புள்ளி, கனடாவின் கோல் வித்தியாசம் மேல், ஆகவே கனடா உள்ளே. இப்படி ஒரு கட்டத்தை நான் அதற்கு முன் போட்டதில்லை.

நம் கதை அதைவிடச் சோகம். 2022 ஆசியக் கோப்பை நம் நாட்டில்தான் நடந்தது. ஜனவரி 20 அன்று நவி மும்பையில் இந்தியா – ஈரான், 0-0. மூன்று நாள் கழித்துச் சீன தைபேயோடு ஆட வேண்டும். அணிக்குள் கொரோனா பரவி, ஆட்டத்துக்குத் தேவையான 13 பேரைக்கூட நிறுத்த முடியவில்லை. போட்டியிலிருந்தே விலகியதாக அறிவித்தார்கள், ஈரானோடு ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. குழுவில் மூன்றே அணி. இந்தியா என்ற வரியை ரப்பரால் அழித்தது இன்னும் அந்தப் பக்கத்தில் தெரிகிறது.

அண்ணன் மகள் இப்போது கல்லூரியில். பிரேசிலுக்கான நோட்டை அவளே வாங்கிவிட்டாள், எட்டுக் கட்டமும் போட்டாகிவிட்டது. 2031-ல் 48 அணிகள், 12 குழுக்களாம். அதற்கு நீள நோட்டு வாங்க வேண்டும் என்கிறாள்.